எழுதுவதற்கு ஐந்து வினாடி

பென்சில் முனை மட்டும் உடையாமல் இருந்திருந்தால், அந்தக் குழந்தையை அவள் அப்பாவிடம் நற்சான்றிதழும் கொடுத்து அனுப்பி வைத்திருப்பார்கள்.

காலை பத்தே முக்கால். இருட்டறைக்குள் இரண்டு பேர். நடுவில் ஒரு கறுப்புத் திரை. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது ஜன்னல். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி.

அந்தப் பக்கம் வெளிச்சமான விளையாட்டறை. பச்சைப் பாய், ஒரு கூடை மரக்கட்டைகள், ஐந்தரை வயதுச் சிட்டு, பக்கத்தில் சம்மணமிட்டு அவளுடைய அப்பா.

இருட்டறையின் இடது நாற்காலியில் ஆந்தை. உளவியல் ஆய்வு மையத்தில் பதினாறு வருடமாக மனிதர்களை இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அந்தப் பட்டப்பெயரை முதலில் யார் வைத்தது என்பது அவளுக்கே மறந்துவிட்டது. வலது நாற்காலியில் ஸ்கேல். ஆறடி உயரம், ஒல்லி, எதற்கும் வளையாத மனிதர். டீக் கோப்பையைக்கூட மேஜை விளிம்புக்கு நேர்கோட்டில் வைப்பவர்.

வேலை எளிது. காதில் மாட்டிய கருவி 'பிப்' என்றால், பத்து வினாடி பார்க்க வேண்டும். மறுபடி 'பிப்' என்றால், மேஜைமேல் ஆளுக்கொரு கட்டைவிரல் அளவு மஞ்சள் விளக்கு தானாக எரியும். பார்த்ததை ஐந்து வினாடிக்குள் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அன்பாக நடந்துகொண்டால் 'அ'. கண்டித்தால் 'க'. வலி கொடுத்தால் 'வ'. ஒன்றும் இல்லையென்றால் கோடு. விளக்கு அணையும். மறுபடி பார். நிமிஷத்துக்கு நாலு கட்டம். இருபது நிமிஷத்துக்கு எண்பது. இருவர் தாளும் ஒத்துப்போனால் சாட்சி. இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடை.

கேமரா கிடையாது. குழந்தையைப் படம் பிடிக்கக் கூடாது என்று குடும்ப நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டி இருவரில் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை இந்தக் கட்டங்களை வைத்துத்தான் நாளைக்கு முடிவு செய்யப் போகிறார்கள்.

"அவர் பாப்பாவுக்கு வலி கொடுக்கறார்" என்பது அம்மாவின் புகார். உடம்பில் ஒரு காயமும் இல்லை. குழந்தை வாயே திறக்கவில்லை. போன வாரம் அம்மாவைக் கவனித்தபோது, அவள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பயந்து, குழந்தையை நாலு தடவை அதட்டினாள். தாளெல்லாம் 'க'வும் கோடும். அப்பாவுக்கு நேற்று நடந்த முதல் அமர்விலோ முக்கால்வாசிக் கட்டங்களில் 'அ'. இருவர் தாளும் தொண்ணூற்றேழு சதவீதம் ஒத்துப்போயிருந்தன. இப்போது நடப்பது இரண்டாவது. மூன்றாவது, கடைசி அமர்வு மதியம் மூன்று மணிக்கு. அது முடிந்ததும் சிட்டு அப்பாவோடு போவாள். இன்று சாயங்காலத்திலிருந்து அப்பாவின் வாரம்.

பிப்.

அப்பா சிட்டுவின் தலையைக் கோதினார். "கோபுரம் எவ்ளோ உயரம் வந்துடுச்சு பாத்தியா? என் கண்ணு!" ஒலிபெருக்கியில் குரல் இனித்தது.

சிட்டு சிரித்தாள். "அப்பாகூடவே இருக்கேன்ப்பா."

பிப். விளக்கு எரிந்தது. ஆந்தை 'அ' எழுதப் போனாள். 'டக்'கென்று முனை உடைந்தது. மாற்றுப் பென்சில் மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. சே என்று நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தவள் மறுபடி குனியவில்லை.

அப்பா குழந்தையின் காதோரம் குனிந்திருந்தார். சட்டென்று பார்த்தால் முத்தம். அவருடைய இடது கை பாயில் சிட்டுவின் கையைப் பிடித்திருந்தது. சுண்டு விரல் ஒன்றை மட்டும், பின்பக்கமாக. சிட்டுவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

விளக்கு அணைந்தது. விரல் விடுபட்டது. கை தலைக்குப் போய்க் கோதியது.

"அப்பாதான் எனக்குப் பிடிக்கும்" என்றாள் சிட்டு.

ஆந்தை அடுத்த கட்டத்துக்கு எழுதவில்லை. விளக்கு எரியும்போது பார்த்தாள். ஒன்றுமில்லை. அதற்கடுத்து பார்த்தாள். விரல். குனிந்த தலை. ஒண்ணு, ரெண்டு. அணைந்ததும் சிரிப்பு. நேற்றிலிருந்து அவள் ஒன்றைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கும் நேரம் தொடங்குகிற முதல் வினாடியில், சிட்டுவின் உதடு எதையோ சொல்லி முடித்து மூடும். ஏதோ பாட்டு என்று நினைத்திருந்தாள்.

பாட்டு இல்லை. எண்ணிக்கையின் கடைசி எண்.

அமர்வு முடிந்தபோது அவள் தாளில் பதினொரு கட்டம் காலி.

*

"பதினொண்ணு!" என்றார் ஸ்கேல். "பதினாறு வருஷத்துல ஒரு கட்டம் விட்டதில்ல நீங்க. தூங்கிட்டீங்களா? ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாதுன்னு சொல்றது சரிதான் போல."

"யோவ், சும்மா இருய்யா." அவள் பார்த்ததைச் சொன்னாள்.

ஸ்கேல் சிரிப்பை மடித்து வைத்தார். "நான் ஒண்ணும் பாக்கலையே."

"எப்படிப் பாப்பீங்க? அந்த அஞ்சு வினாடி நீங்களும் குனிஞ்சு எழுதிட்டு இருந்தீங்க."

அவர் தன் தாளைப் பார்த்தார். தொண்ணூற்றேழு சதவீத ஒற்றுமையின் ரகசியம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே 'பிப்'புக்கு இருவரும் நிமிர்கிறார்கள். ஒரே 'பிப்'புக்கு இருவரும் குனிகிறார்கள். ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிற இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு எங்கிருந்து வரும்?

"சரி, ஆனா அவருக்கு எப்படித் தெரியும்? 'பிப்' நம்ம காதுக்குள்ள. அவருக்குக் கேக்காது."

ஆந்தை விளையாட்டறைக்கு ஓடினாள். அப்பா உட்கார்ந்த அதே இடத்தில் பாயில் உட்கார்ந்தாள். "கருவியைப் போடுங்க!"

கண்ணாடியில் அவள் முகம், கலைந்த தலை, பின்னால் வெள்ளைச் சுவர். பத்து வினாடி. அப்புறம், அவள் தோளுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள் எங்கோ ஆழத்தில், ஒரு நகக்கண் அளவுக்கு மஞ்சளாக ஏதோ ஊறியது. ஐந்து வினாடி. மறைந்தது.

நின்றுகொண்டு பார்த்தால் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் தெரியவில்லை. பாயில் உட்கார்ந்தால் மட்டும் தெரிந்தது. பதினாறு வருடத்தில் இங்கே வேலை செய்கிற யாரும் அந்தப் பாயில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்ததில்லை.

"அந்தாள் என்ன தொழில்?" என்று உள்ளேயிருந்து கத்தினார் ஸ்கேல்.

ஆந்தைக்கு வழக்கு மனுவின் முதல் பக்கம் கண்ணில் நின்றது. கடைகளுக்கும் சலூன்களுக்கும் கண்ணாடி பதிப்பவர்.

"கண்ணாடிக்காரன்" என்றாள். "இந்தக் கண்ணாடி எப்ப ஜன்னலாகும், எப்ப சுவராகும்னு நமக்கே பாடம் எடுப்பான்."

*

மையத்தின் தலைவியை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது, கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ பார்த்ததை நான் நம்பறேன். கோர்ட் நம்பாது. நம்ம விதிப்படி எழுதற நேரத்துல பார்த்தது கணக்குல வராது. 'எழுத வேண்டிய நேரத்துல ஏம்மா பாத்தே? குத்தம் தேடினியா?'ன்னு அவங்க வக்கீல் கேப்பார். உன் தாள்ல பதினொரு ஓட்டை. இந்த செஷன் குப்பை. நேத்து நடந்ததை மட்டும் எடுத்துக்குவாங்க. அதுல என்ன இருக்கு?"

"எல்லாம் 'அ'."

"ஆங்."

"அப்ப மூணு மணி செஷனை நிறுத்திடலாம் டாக்டர். ஒரு குழந்தைக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சும் உள்ள அனுப்பறதா?"

"நிறுத்தினா என்ன ஆகும்? இது அவன் வாரம். சாயங்காலம் அவன்கூடத்தான் போவா. அதோட, நமக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவனுக்கும் தெரிஞ்சுடும். இனி எந்தக் கண்ணாடிக்கு முன்னாடியும் கையை நீட்ட மாட்டான். வீட்டுல கண்ணாடி கிடையாது."

 ஸ்கேல்தான் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவருக்கு அது ஜபமாலை மாதிரி. திடீரென்று விரல் நின்றது.

"பத்து வினாடி பாக்கணும், அஞ்சு வினாடி எழுதணும்னு இருக்கு. ரெண்டு பேர் தனித்தனியா எழுதணும்னு இருக்கு. விளக்கு எப்ப எரியணும்னு…" இன்னொரு பக்கம் புரட்டினார். "எங்கேயும் இல்ல."

ஆந்தை அவரைப் பார்த்தாள். அவர் ஆந்தையைப் பார்த்தார்.

"விளக்கு அது பாட்டுக்கு எரியட்டும்" என்றாள் அவள் மெதுவாக. "நம்ம 'பிப்'பைத் தள்ளி வைப்போம். விளக்கு எரியறதுக்கு மூணு வினாடி முன்னாடி பாக்க ஆரம்பிக்கறோம், அணைஞ்சு ரெண்டு வினாடி கழிச்சு நிறுத்தறோம். எழுதறது இருட்டுல."

"இருட்டுல கட்டம் தெரியாதே!"

"கட்டம் வேண்டாம். எண் போட்ட எண்பது சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு எழுத்து. பெருசா எழுது, கிழி, டப்பாவுல போடு."

"பஸ் கண்டக்டர் உத்தியோகம்" என்றார் ஸ்கேல். ஆனால் ஏற்கெனவே காகிதத்தை வெட்ட ஆரம்பித்திருந்தார். விளிம்பு நேராக.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எத்தனை தடவை பாத்தா போதும்?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் மூவருக்கும் புரிந்தது. எத்தனை தடவை அந்த விரல் வளைய வேண்டும்?

"ஒண்ணு" என்றாள் ஆந்தை.

"ஒண்ணை விளையாட்டும்பாங்க. ரெண்டைத் தற்செயல்பாங்க." ஸ்கேலின் குரலும் இறங்கியிருந்தது. "மூணு. ரெண்டு பேரும் தனித்தனியா மூணு."

"மூணு" என்றார் டாக்டர். "நான் உங்க பின்னாடி நிப்பேன். மூணு 'வ' எழுதினதும் அவங்கவங்க கையைத் தூக்குங்க. ரெண்டு கையும் தெரிஞ்ச நிமிஷம் நான் கதவைத் திறப்பேன். அதுக்கு மேல ஒரு வினாடிகூட கிடையாது. அதுக்கு முன்னாடியும் கிடையாது. சத்தியம் பண்ணு."

கடைசி வார்த்தை ஆந்தையைப் பார்த்து. அவள் தலையாட்டினாள்.

*

இரண்டே முக்காலுக்கு வராந்தாவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் சின்னப் பையைத் தோளில் மாட்டி, வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் நீதிமன்றத்திலிருந்து வந்த பெண் அதிகாரி, அமர்வு முடிந்ததும் தாள்களை உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டியவர், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றாள் அம்மா. "காலையில பாப்பா எப்படி இருந்தா?"

வழக்கில் சம்பந்தப்பட்டவர்களிடம் கவனிப்பவர் பேசக் கூடாது. ஆந்தை அதைத்தான் சொல்ல நினைத்தாள்.

"பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

"நல்லா சிரிச்சாளா?"

ஆந்தை நகர்ந்துவிட்டாள். பின்னால் அந்தக் குரல், அதிகாரியிடமோ சுவரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "அவ சிரிச்சாத்தாங்க எனக்குப் பயமா இருக்கு."

*

மூன்று மணி.

கண்ணாடிக்காரன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பாயில் காலை மடித்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டான். பொதுவாக இங்கே வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்கக் கூச்சப்படுவார்கள். இவன் அதில் தன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

பிப். பார்.

"இன்னிக்கு என்ன கட்டப் போறோம்? வீடா, ரயிலா?"

"வீடு."

மேஜையில் விளக்கு எரிந்தது. கண்ணாடிமேல் ஆந்தையின் சொந்த முகம் லேசாக மிதந்தது; அதற்குப் பின்னால் பாய், கட்டைகள், அவன் கை. கை கட்டையை எடுத்தது. அவ்வளவுதான். அணைந்தது. இருட்டில் 'அ' எழுதிக் கிழித்துப் போட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் ஸ்கேலின் சீட்டும் கிழிந்தது.

இரண்டாவது விளக்கு. ஒன்றுமில்லை. மூன்றாவது. நான்காவது. ஒன்றுமில்லை.

ஐந்தாவது விளக்கின்போது கண்ணாடிக்காரன் தலையைத் திருப்பி நேராக மஞ்சள் வந்த திசையைப் பார்த்தான். கண் இமைக்காமல். ஆந்தையின் விரல்கள் பேனாமேல் இறுகின. தெரிந்துவிட்டதா? மூவர் மூச்சு, டாக்டரின் வெள்ளைக் கோட்டு, ஏதாவது?

அவன் சிரித்தான். கண்ணாடியில் பல்லிடுக்கைப் பார்த்து நகத்தால் எதையோ எடுத்தான்.

பின்னால் டாக்டர் மூச்சை விட்டது ஆந்தையின் கழுத்தில் பட்டது.

ஆறாவது விளக்கு அணைந்த பிறகு சிட்டு சொன்னாள், "இந்த ரூம் அம்மாவுக்கு."

"என்ன?"

"வீட்டுல அம்மாவுக்கு ஒரு ரூம். இங்க ஜன்னல்."

"அப்படியா கண்ணு? சரி, சரி." அன்பான குரல். தலையைக் கோதும் கை. அவன் பார்வை மட்டும் கண்ணாடிப் பக்கம் போய்ப் போய் வந்தது. பசியோடு அடுப்பைப் பார்ப்பவன் மாதிரி, அவன் விளக்குக்காகக் காத்திருந்தான்.

பிப். பார். ஒன்று, இரண்டு, மூன்று. மஞ்சள்.

கை கீழே இறங்கியது. சுண்டு விரல். அவன் காதோரம் குனிந்தான். சிட்டுவின் தோள் ஒரு அங்குலம் உயர்ந்து நின்றது. உதடுகள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

அணைந்தது.

"அம்மாவுக்கு ரூம் வேண்டாம்" என்றாள் சிட்டு. சிரித்தாள்.

ஆந்தை இருட்டில் 'வ' எழுதினாள். எழுத்து சீட்டைத் தாண்டி மேஜைக்குப் போயிருக்கும், அவ்வளவு அழுத்தம். அந்தப் பக்கமும் சீட்டு கிழிந்தது. ஸ்கேல் என்ன எழுதினார்? தெரியாது. தெரியக் கூடாது.

எட்டாவது விளக்கு. விரல். 'வ'. இரண்டு.

அவள் கை கதவுப் பக்கம் போகத் துடித்தது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்றுக்காக ஒரு குழந்தையின் வலிக்குக் காத்திருக்கும் மனுஷி நான் என்று நினைத்தாள். நினைப்பதற்கு நேரமில்லை. ஒன்பதாவதில் ஒன்றுமில்லை. பத்தாவது விளக்கு எரிந்தது. சிட்டு கட்டையை எடுக்க முன்னால் சாய்ந்திருந்தாள். சாய்ந்த நிலையிலேயே விரல் வளைந்தது. 'வ'. மூன்று.

ஆந்தை கையைத் தூக்கினாள்.

கதவு திறக்கவில்லை.

ஒரு வினாடி. இரண்டு. அவள் திரும்பினாள். இருட்டில் டாக்டரின் மூக்குக் கண்ணாடி மட்டும் மினுங்கியது. தலை இடவலமாக அசைந்தது. ஒரு கைதான்.

ஸ்கேல் கையைத் தூக்கவில்லை.

"அவர்…" என்று ஆந்தை தொடங்க, டாக்டரின் கை அவள் தோளில் விழுந்து அழுத்தியது. பேசினால் இரண்டு தாளும் குப்பை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். யோவ் ஸ்கேல், தூக்கித் தொலையேன்யா. உன் சதவீதமும் நீயும். தூக்கேன்.

பிப். பார். ஒன்று. இரண்டு. மூன்று.

மஞ்சள்.

இந்தத் தடவை கண்ணாடிக்காரன் கையை நகர்த்தவே இல்லை. சிட்டுதான் நகர்த்தினாள். அவளும் பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அந்த மஞ்சள் புள்ளி தெரியும். புள்ளியைப் பார்த்தாள். கையிலிருந்த கட்டையைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். பிறகு தன் சுண்டு விரலைத் தானாகவே அப்பாவின் கைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

அவன் குனிந்தான்.

ஒண்ணு. ரெண்டு.

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி சரிந்து விழுந்தது. ஆறடி மனிதர் எழுந்து நின்றிருந்தார். கை உச்சிவரை உயர்ந்திருந்தது.

மூன்றை எண்ணுவதற்குள் டாக்டர் கதவைத் திறந்துவிட்டார்.

*

"டைம் முடிஞ்சுது" என்றார் டாக்டர், விளையாட்டறைக்குள் நின்று.

கண்ணாடிக்காரனின் கை ஏற்கெனவே குழந்தையின் தலைமேல் இருந்தது. "இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கே டாக்டர்?"

"எங்களுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு."

"நல்லதுதானே?" சிரித்தான்.

டாக்டர் வராந்தாவிலிருந்த பெண் அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி குறுக்கெழுத்துப் புத்தகத்தில் விரலை அடையாளம் வைத்தபடியே வந்தார். ஆந்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். சிட்டு அவள் தோளில் சாயவில்லை, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பதினோராவது சீட்டைக் கதவு திறந்த கையோடு இருவரும் எழுதிப் போட்டிருந்தார்கள்; இரண்டு டப்பாக்களும் விளையாட்டறை மூலையிலிருந்த மேஜையில் கொட்டப்பட்டன. பதினோரு சீட்டு, பதினோரு சீட்டு. எண் வாரியாக அடுக்கி ஜோடி சேர்த்தார் அதிகாரி. கோணல்மாணலான எழுத்துகள். ஆனால் படிக்க முடிந்தது.

"ஏழு: 'வ', 'வ'. எட்டு: 'வ', 'வ'. பத்து: 'வ'… கோடு. பதினொண்ணு: 'வ', 'வ'." அவர் நிமிர்ந்தார். "மத்ததெல்லாம் ஒத்துப்போகுது. 'வ'ன்னா?"

"வலி கொடுத்தல்" என்றார் டாக்டர்.

"என்னது!" கண்ணாடிக்காரன் எழுந்தான். முகத்தில் சிரிப்பு இன்னும் வடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "யார் எழுதினது? பொய். நான் ஒரு தடவை அதட்டினேனா? இவ அம்மா காசு கொடுத்திருப்பா!"

"நாலு தடவை விரலை வளைச்சீங்க. காதுல என்னவோ சொன்னீங்க" என்றார் டாக்டர்.

"எப்ப? எப்ப வளைச்சேன்?"

"விளக்கு எரிஞ்சப்ப."

"அதெப்படி?" அவன் குரல் உயர்ந்தது, அதில் உண்மையான நியாயக் கோபம் இருந்தது, ஏமாற்றப்பட்டவனின் கோபம். "விளக்கு எரிஞ்சா நீங்க எழுதிட்டு இல்ல இருக்கணும்? அந்த அஞ்சு வினாடி நீங்க பாக்கவே கூடாதே!"

அதிகாரி சீட்டுகளிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தான். உள்ளே இப்போது பெரிய விளக்கு எரிந்ததால், அது வெறும் ஜன்னலாக இருந்தது. இரண்டு நாற்காலி, ஒன்று கவிழ்ந்து. ஒரு கறுப்புத் திரை. மேஜைமேல் இரண்டு குட்டி விளக்குகள்.

பெண் அதிகாரி குறுக்கெழுத்துப் புத்தகத்தை மூடினார். பையிலிருந்து வேறொரு நோட்டை எடுத்தார். "இப்ப சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க சார். மெதுவா. நான் எழுதிக்கறேன்."

அவன் சொல்லவில்லை. வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்றான். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு நீதிபதியின் அலுவலகத்துக்கு போன் செய்தார். பேச்சு நாலு நிமிஷம். "இன்னிக்கு அம்மாகூட" என்று வைத்தார். "மத்ததை நாளைக்கு ஐயா பாத்துக்குவார்."

*

வராந்தாவில் அம்மா கையை மட்டும் நீட்டினாள். ஆந்தை குழந்தையைக் கொடுத்தாள்.

அம்மா தோளுக்குப் போன பிறகு, சிட்டு திரும்பி ஆந்தையை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த மஞ்சள் புள்ளியா?"

ஆந்தை பதினாறு வருடத்தில் எத்தனையோ குழந்தைகளைப் பார்த்திருக்கிறாள். ஒருவரும் அவளைப் பார்த்ததில்லை.

"ஆமா" என்றாள்.

"அஞ்சு எண்ணினா போயிடுவீங்க. எனக்குத் தெரியும்."

"இனிமே எண்ண வேண்டாம் பாப்பா."

சிட்டு அதை நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். சிரிக்கவில்லை. சிரிக்காமலேயே போனாள்.

ஆந்தை இருட்டறைக்குத் திரும்பியபோது ஸ்கேல் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பத்தாம் எண் சீட்டைக் கிழித்த அடித்துண்டு. அவர் கோடு போட்ட சீட்டு.

அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். "ஏன்யா தூக்கலை?"

"பாப்பா குனிஞ்சிருந்தா. என் பக்கத்துலேருந்து அவ தலை மறைச்சிடுச்சு. கை தெரியலை." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வளைச்சிருப்பான்னு தெரியும். உங்க சீட்டு கிழிஞ்ச வேகத்துலயே தெரியும். ஆனா பாக்கலையே. பாக்காததை எப்படி எழுதறது?"

"எழுதியிருந்தா அடுத்தது நடந்திருக்காது."

"நடந்திருக்காது." துண்டை மடித்தார். மடிப்பு கோணலாக வந்தது; சரி செய்யவில்லை. "எழுதியிருந்தா நாளைக்கு வக்கீல் கேள்விக்கு நான் பொய் சொல்லணும். அது தெரிஞ்சா எல்லாமே போச்சு. இதெல்லாம் சரியாத்தான் யோசிச்சேன், ஆந்தை. எல்லாம் சரிதான். ஆனா அவ விரலைக் கொண்டுபோய் அவன் கையில தானா வச்சா பாருங்க…"

தன் சுண்டு விரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டார்.

ஆந்தை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கருவியை யாரும் நிறுத்தவில்லை. மேஜைமேல் மஞ்சள் விளக்குகள் எரிந்தன. அவள் எழுந்து, இரண்டு ஒயர்களையும் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"நாளைக்கு எதை வச்சு எழுதறதாம்?" என்றார் ஸ்கேல், மூக்கை உறிஞ்சியபடி.

"இருட்டுலதான்" என்றாள். "அதோட, நாளைக்கு உங்க காதுல ஒரு பிப், என் காதுல வேற பிப். நீங்க குனியும்போது நான் பாக்கறேன்."

"விதிப் புத்தகத்துல அப்படி இல்லையே."

"எழுதுங்க. வெள்ளைத் தாள் உங்ககிட்ட நிறைய மிச்சம் இருக்கு. அறுபத்தொன்பது சீட்டு."

அவர் எழுந்து நாற்காலியை நிமிர்த்தினார். மேஜை விளிம்புக்கு நேராக வைத்தார். பேனாவை எடுத்தார்.